வெஸ்லியின் 28 பவுண்டு

சபைக்குப் போகிற, கையில் சம்பளம் என்று ஒன்று வர ஆரம்பித்த எவனுக்கும் பணத்தைப் பற்றி இரண்டு விதப் பிரசங்கம் காதில் விழும். முதலாவது ஊசியின் காதும் ஒட்டகமும். கேட்டுவிட்டு வெளியே வந்தால் பைக்கை ஸ்டார்ட் பண்ணவே கூச்சமாக இருக்கும். இரண்டாவது டிவியில் வருவது. ஆயிரம் ரூபாய் விதைத்தால் ஆண்டவர் லட்சமாக அறுக்க வைப்பார், உடனே கீழே ஓடுகிற எண்ணுக்கு போன் பண்ணவும். இதைக் கேட்டால் சீட்டுக் கம்பெனி ஏஜென்ட் பேசுவது மாதிரியே இருக்குது :-)

இரண்டுமே எனக்கு உதவவில்லை. எனக்கு வேண்டியது சிம்பிளான ஒரு பதில்தான். மாசம் இவ்வளவு வருது, இதை என்ன செய்யணும்? இந்தக் கேள்விக்குக் கணக்கு நோட்டோடு பதில் சொன்ன ஒருத்தரைத் தேடிப் படித்தபோது கிடைத்தவர் ஜான் வெஸ்லி (1703-1791). மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்தவர். குதிரை மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணினவர் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவருடைய பண விவகாரத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டால், இருக்கு. வெஸ்லியின் வலது கை மாதிரி இருந்தவர் தாமஸ் கோக். வெஸ்லி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வயசான காலத்தில், இலங்கைக்கு மிஷனெரிகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். செலவுக்குத் தன் சொந்தச் சொத்தையே தர முன்வந்தவர். 1814 மே 3 அன்று, கரையைப் பார்க்காமலே, கப்பல் அறையில் இறந்து கிடந்தார். கூட வந்த இளைஞர்கள் பம்பாயில் இறங்கினபோது கையில் காசு இல்லை. பண ஏற்பாடு எல்லாம் கோக்கின் பெயரில் இருந்தது. அப்போது அவர்களை நம்பி முன்பணம் கொடுத்த பம்பாய் வணிகரின் பெயர் என்ன தெரியுமா? மிஸ்டர் மனி. நான் ஜோக் அடிக்கவில்லை, ஆளுடைய குடும்பப் பெயரே அதுதான்! அந்த ஜூன் 29ல் அவர்கள் காலியில் இறங்கினார்கள். (காலி ஊர் பெயர், பர்ஸைச் சொல்லவில்லை.) அதில் ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்க்வான்ஸ் என்ற இருவருக்கு யாழ்ப்பாணம் ஒதுக்கப்பட்டது. லிஞ்ச் 1817ல் சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் வந்து கலந்த மூன்று சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. ஆக, சி.எஸ்.ஐ.யில் உட்கார்ந்து காணிக்கைப் பை வரும்போது சட்டைப் பையைத் தடவுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த மனுஷன் தூரத்துச் சொந்தம்.

சரி, கதைக்கு வருவோம்.

வெஸ்லியின் அப்பா சாமுவேல், லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரில் ஆங்கிலிகன் குருவானவர். அம்மா சூசன்னா. பிறந்த பிள்ளைகள் பத்தொன்பது, தப்பிப் பிழைத்தது பாதிதான். அப்பாவுக்குக் கடன், கடனுக்கு மேல் கடன். 1705ல் கடன் கட்ட முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். அப்போது ஜானுக்கு இரண்டு வயசு. யார்க் பேராயர் ஷார்ப் வந்து சூசன்னாவிடம், எப்போதாவது ரொட்டிக்கே கஷ்டம் வந்ததா என்று கேட்டாராம். அந்த அம்மா சொன்ன பதிலின் சாரம் இது: ரொட்டி இல்லாமல் போனதில்லை, ஆனால் அதை வாங்கப் படுகிற பாட்டிலும், அப்புறம் அதற்குக் காசு கட்டப் படுகிற பாட்டிலும், சாப்பிடுகிற சந்தோஷமே போய்விடுகிறது. கடனில் ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெஸ்லி பிற்பாடு பணத்தை அத்தனை கறாராகக் கையாண்டதற்கு இறையியல் ஒரு காரணம் என்றால், இந்த வீடு இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

1726ல் ஆக்ஸ்ஃபோர்டில் லிங்கன் கல்லூரியில் ஃபெல்லோ ஆகிறார். முதல் தடவையாகக் கையில் காசு. 1730களின் தொடக்கத்தில் தனக்கு ஒரு கணக்குப் போடுகிறார். அந்த வருஷ வருமானம் 30 பவுண்டு. செலவு 28. மிச்சம் 2 பவுண்டை தர்மம் பண்ணுகிறார். அடுத்த வருஷம் வருமானம் 60. செலவு அதே 28, தர்மம் 32. மூன்றாம் வருஷம் 90 வந்தது. 28 போக 62 கொடுத்தார். நான்காம் வருஷம் 120; கொடுத்தது 92.

இதை அவர் 1780களின் கடைசியில் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார், அதுவும் யாரோ ஒரு ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்ட் செய்தது மாதிரி, தன் பெயரைச் சொல்லாமல்.

நான் இந்த நாலு வரியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கின சம்பளத்தைப் போல இப்போது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல் வாங்குகிறேன். அன்றைக்கு மேன்ஷனில் மூணு பேரோடு ஒரு ரூம், கையேந்தி பவன் இட்லி. இன்றைக்குத் தனி வீட்டு வாடகை, கார் இ.எம்.ஐ., அது இது. மாசம் 25ம் தேதி வங்கிக் கணக்கில் நிற்கிற தொகை மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என் டீமில் யாரைக் கேட்டாலும் இதே கதை. வருமானம் மாறுகிற எண், செலவு மாறாத எண் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்ட ஆளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

அதே ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் நடந்த இன்னொன்றும் உண்டு. குளிர்கால நாள் ஒன்றில் ஒரு சின்னப் பெண் அவர் அறைக்கு வருகிறாள். உடம்பில் மெல்லிய துணி கவுன் ஒன்றுதான், நடுங்குகிறாள். ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கைவிட்டால் காசு இல்லை. சுவரைப் பார்க்கிறார். அங்கே அவர் வாங்கி மாட்டின படங்கள். இந்தப் பிள்ளையைக் குளிரிலிருந்து காப்பாற்றியிருக்கக் கூடிய காசு சுவரில் தொங்குகிறதே, எஜமான் இதற்கா மெச்சிக்கொள்வார் என்று அவருக்கு உறைக்கிறது. பல இடங்களில் இந்தப் பெண்ணைக் கல்லூரி வேலைக்காரி என்று எழுதுகிறார்கள். வெஸ்லி சொன்னபடி அவள் அவரும் நண்பர்களும் செலவு செய்து நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. அதாவது ஏற்கெனவே அவர் உதவி செய்துகொண்டிருந்த ஆள். எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. முகம் தெரியாத ஏழைக்காக அல்ல, ஃபீஸ் கட்டியாச்சு, கடமை முடிஞ்சுது என்று நினைக்கக்கூடிய பிள்ளைக்காக உறைத்தது.

இதுவரை தனி மனுஷன் கதை. இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் சிஸ்டம் டிசைன் இருக்கிறது.

1739ல் பிரிஸ்டலில் 'நியூ ரூம்' என்று ஒரு கூடம் கட்டினார்கள். கடன் நின்றது. 1742 பிப்ரவரி 15 அன்று கடனை எப்படி அடைக்கிறது என்று கூடிப் பேசும்போது கேப்டன் ஃபாய் என்பவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்றார். பலபேரிடம் அந்த ஒரு பென்னியும் இல்லையே என்று இன்னொருவர் சொல்ல, ஃபாய் சொன்ன பதில் இன்னமும் என்னை அசத்துகிறது. இருக்கிறதிலேயே ஏழையான பதினோரு பேரை என் கணக்கில் போடுங்கள், வாரா வாரம் போய்க் கேட்கிறேன், அவர்கள் கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே போடுகிறேன் என்றார். மற்றவர்களும் ஆளுக்குப் பதினொன்று எடுத்துக்கொண்டார்கள். வாரா வாரம் பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை, இன்னார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். வெஸ்லிக்குப் பொறி தட்டியது. பன்னிரண்டு பேர் சேர்ந்த 'கிளாஸ்' என்கிற அமைப்பு, மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பு, இப்படித்தான் பிறந்தது. பக்தி விசாரிப்புக்காக ஆரம்பித்ததில்லை, கடன் வசூலுக்காக ஆரம்பித்தது!

அடுத்தது 1746. லண்டனில் ஒரு பழைய பீரங்கி வார்ப்படச் சாலையை 115 பவுண்டுக்கு வாங்கிச் சபைக் கூடமாக்கியிருந்தார்கள். பெயரும் அப்படியே 'ஃபவுண்டரி'. அங்கே ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுத்தார்கள். அதோடு வெஸ்லி ஊரைச் சுற்றி வசூல் பண்ணி ஒரு கடன் நிதியும் வைத்தார். ஒருவருக்கு அதிகபட்சம் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வட்டி கிடையாது. வாரா வாரம் கட்டி மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் பார்க்க இரண்டு பேர். முதல் எவ்வளவு என்பதில் அவர் எழுத்துக்களிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. ஒரு இடத்தில் 50 பவுண்டு, ஒரு வருஷத்தில் 250 பேர். நாட்குறிப்பில் 30 பவுண்டு சொச்சம், ஒன்றரை வருஷத்தில் 255 பேர். எதை எடுத்தாலும் பிரமிப்புதான். 30 பவுண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருஷத்தில் ஆறு சுற்று, முழு 20 ஷில்லிங்காகக் கொடுத்தால் 180 பேர் சொச்சம்தான் வரணும். பாதிப் பேர் முழுத் தொகை வாங்கவில்லை, வாரத் தவணையாகத் திரும்பி வந்த காசை உடனே அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்தால் கணக்கு உதைக்காது. மைக்ரோ ஃபைனான்ஸ் என்ற வார்த்தையெல்லாம் வருவதற்கு 200 வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

பின்னாளில் உச்சவரம்பு ஐந்து பவுண்டானது. அந்த ஐந்து பவுண்டை வாங்கினவர்களில் ஒருத்தர் ஜேம்ஸ் லாக்கிங்டன். செருப்புத் தைக்கிற தொழிலாளி, 1770களில் லண்டனுக்கு வந்து பழைய புத்தகக் கடை போட்டவர். இந்தக் கடனை வைத்துச் சரக்கு வாங்கினார். அப்புறம் யாருக்கும் கடன் கிடையாது, ரொக்கம் மட்டும், ஆனால் விலை குறைவு என்று விற்று, ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் 'டெம்பிள் ஆஃப் தி மியூசஸ்' என்ற பிரம்மாண்டமான புத்தகக் கடைக்கு முதலாளி ஆகிவிட்டார். ஆனபிறகு என்ன செய்தார்? சபையை விட்டு விலகி, 1791ல் தன் வாழ்க்கை வரலாற்றில் மெதடிஸ்டுகளைக் கிண்டல் பண்ணி எழுதினார். 1804ல் இன்னொரு புத்தகம் போட்டு அதற்கு வருத்தம் தெரிவித்தார், பிற்பாடு சொந்தக் காசில் மெதடிஸ்ட் ஆலயங்களும் கட்டினார். ஐந்து பவுண்டு எங்கெல்லாம் சுற்றி வந்திருக்கிறது பாருங்க.

இப்போது பிரசங்கம். 'பணத்தின் உபயோகம்' என்ற தலைப்பில் 1760ல் அச்சானது. லூக்கா 16ல் வருகிற அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதைதான் ஆதாரம். சம்பாதிக்கிறது, சேமிக்கிறது, கொடுக்கிறது, மூன்றையும் முடிந்த மட்டும் செய் என்பது சுருக்கம். முதல் இரண்டை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். ஆனால் சம்பாதிப்பதற்கே அவர் போடுகிற நிபந்தனைகளைப் படித்தால் தலை சுற்றும். உடம்பைக் கெடுக்கிற தொழில் கூடாது. ஆர்சனிக், ஈயம் சம்பந்தப்பட்ட வேலைகளைச் சொல்கிறார். அதே மூச்சில், வயிற்றை அழுத்திக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதுகிற வேலையும் ஆகாது என்கிறார். முதுகுவலி பெல்ட் போட்டுக்கொண்டு டைப் அடிக்கிற எனக்கு இது எப்படி இருக்கும்! மனசைக் கெடுக்கிறதும் கூடாது. அதற்கு உதாரணமாக, கணிதமும் அல்ஜீப்ராவும் ஆழமாகப் படித்தால் தான் நாத்திகத்தின் பக்கம் போய்விடுவேன் என்று தன்னையே சொல்கிறார். மற்றவர்கள் தாராளமாகப் படிக்கலாமாம். எஞ்சினியரிங் கணிதத்தில் அரியர் வைத்த நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும் ;-)

அடுத்தவனைக் கெடுத்துச் சம்பாதிக்காதே என்பது மூன்றாவது. அடகுக்கடை, சாராயம், நோயை இழுத்தடித்துக் காசு பார்க்கிற வைத்தியர் எல்லாருக்கும் சாத்துப்படி. போட்டிக்காரன் வியாபாரம் படுக்கணும் என்று சந்தை விலைக்குக் கீழே விற்கக் கூடாது. அவனுக்குத் தேவைப்படுகிற வேலையாட்களை ஆசை காட்டி இழுக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதியை எங்கள் ஹெச்.ஆர். கன்சல்டன்டுகளிடம் சொன்னால் அடுத்த நாளே தொழிலை மூடணும். இவர் இதைச் சும்மா ஏட்டில் எழுதவில்லை. 1774ல் அடிமை முறைக்கு எதிராக ஒரு புத்தகம் போட்டார், அதில் சர்க்கரைத் தீவுகளின் செல்வம் வேண்டும் என்கிற வாதத்தை நேரடியாக மறுக்கிறார். அப்படி வருகிற செல்வத்தைவிட அந்தத் தீவுகள் கடலில் மூழ்குவதே மேல் என்கிற அளவுக்கு. சாகிறதுக்கு ஒரு வாரம் முன்னால், 1791 பிப்ரவரி 24ல், வில்பர்ஃபோர்சுக்கு எழுதின கடிதமும் அதே விஷயம்தான்.

தசமபாகம் பற்றிக் கேட்டீர்களானால், பத்தில் ஒன்றோடு நிற்கிற பேச்சே அவரிடம் இல்லை. எல்லாமே எஜமானுடையது, நீ உக்கிராணக்காரன். உனக்கும் உன் வீட்டுக்கும் தேவையானதை எடுத்துக்கொள்வதும் எஜமான் சொன்ன செலவுதான், மீதி விசுவாசிகளுக்கு, அப்புறம் எல்லாருக்கும். கடனை அடைக்கிறது, தொழிலுக்கு முதல், பெண்டாட்டி பிள்ளைகள் பிழைக்கிற அளவுக்கு வைத்துவிட்டுப் போகிறது, இதையெல்லாம் அவர் பாவத்தில் சேர்க்கவில்லை. ஆகவே இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் மூச்சு விடலாம். ஆனால் எது தேவை, எது ஆசை என்கிற கேள்வியில் மனுஷன் விடாப்பிடி.

இங்கே எனக்கு அவரோடு சண்டை உண்டு. 28 பவுண்டில் வாழ்ந்தபோது அவர் கல்யாணம் ஆகாதவர், தங்குவதற்குக் கல்லூரி அறை. ஸ்கூல் ஃபீஸ் ஏறுகிற உலகத்தில் செலவு மாறாத எண்ணாக இருக்க முடியாது. 1751ல் அவர் கட்டிக்கொண்ட மேரி வாசெய்ல் வசதியான விதவை, 10,000 பவுண்டு சொத்து. அதைத் தான் தொடாமல் அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமே எழுதி வைத்தார். நல்ல விஷயம். ஆனால் அந்தக் கல்யாண வாழ்க்கை உருப்படவில்லை. வருஷம் முழுக்கக் குதிரை மேலேயே இருந்த ஆளோடு யார்தான் குடித்தனம் பண்ணுவது? தம்பி சார்லஸ் விவகாரத்தில் உலகம் வேறு மாதிரி வந்து மோதியது. 1749ல் சாரா குவின்னைப் பெண் கேட்டபோது, வருஷம் 100 பவுண்டு வருமானத்துக்கு உத்தரவாதம் கேட்டார் பெண்ணின் அம்மா. நம்ம ஊர் மாமியார் மாதிரியே! புத்தக விற்பனையிலிருந்து அந்த 100 பவுண்டைத் தருவதாக ஜான் பொறுப்பேற்ற பிறகுதான் கல்யாணம்.

புத்தகங்கள் அவருக்கு உண்மையிலேயே காசு கொட்டின. சின்னச் சின்ன மலிவு நூல்கள், கை வைத்தியப் புத்தகம் ஒன்று, எல்லாம் நன்றாக விற்றது. வாழ்நாளில் சுமார் 30,000 பவுண்டு தர்மம் பண்ணியிருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். 1776ல் கலால் துறை அவருக்கு ஓலை அனுப்பியது: வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி, உங்களிடம் நிறைய இருக்குமே, கணக்குக் காட்டவில்லையே என்று. லண்டனில் இரண்டு வெள்ளி ஸ்பூன், பிரிஸ்டலில் இரண்டு, அவ்வளவுதான். சுற்றி இத்தனை பேர் ரொட்டிக்கு இல்லாமல் இருக்கும்போது இனி வாங்கப் போவதும் இல்லை என்று பதில் போனது. 1785 ஜனவரியில், 81 வயசில், உருகின பனித் தண்ணீரில் கணுக்கால் நனைய ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து, ஏழைகளின் துணிமணிக்காக 200 பவுண்டு பிச்சை எடுத்தார். அப்புறம் படுக்கையில் விழுந்தார்.

இதற்கு நடுவில் அவர் கண் முன்னாலேயே இன்னொன்று நடந்தது. குடியை விட்டு, ஒழுங்காக வேலை செய்து, வீண் செலவைக் குறைத்த மெதடிஸ்டுகள் பணக்காரர்கள் ஆனார்கள். பணம் வந்ததும் பழைய அனல் இறங்கியது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தரும், அவை பணத்தைத் தரும், பணம் பக்தியைத் தின்றுவிடும் என்று 1786ல் புலம்பி எழுதினார். மாக்ஸ் வேபர் புராட்டஸ்டன்ட் அறநெறியும் முதலாளித்துவமும் பற்றிய தன் நூலில் இந்தப் பகுதியைத்தான் எடுத்துக் காட்டினார். வெஸ்லி கண்ட ஒரே வழி மூன்றாவது விதி, கொடுக்கிறது. 1789 வாக்கில் அவர் கேட்ட கேள்வியில் கணக்கும் உண்டு: 50,000 மெதடிஸ்டுகளில் இதைச் செய்கிறவர்கள் 500 பேராவது தேறுவார்களா? நூற்றுக்கு ஒன்று. அவருடைய சொந்த ஆட்களிடம், ஐம்பது வருஷப் பிரசங்கத்துக்குப் பிறகு.

1743லேயே அவர் எழுத்தில் ஒரு சவால் விட்டிருந்தார். கடன் போகப் பத்து பவுண்டுக்கு மேல் தான் வைத்துவிட்டுச் செத்தால், உலகமே தன்னைத் திருடன் என்று சொல்லட்டும் என்று. 1790 ஜூலையில் கணக்கு நோட்டை மூடினார். 1791 மார்ச் 2ல் இறந்தார். உயிலில், பையிலும் மேஜையிலும் இருக்கிற சில்லறையை நான்கு பிரசங்கிமாருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். சவ வண்டி வேண்டாம், கோச்சு வேண்டாம், ஆறு ஏழைகள் தூக்கிக்கொண்டு போகட்டும், ஆளுக்கு 20 ஷில்லிங்.

பத்து பவுண்டு சவாலில் ஜெயித்தாரா என்று ஆடிட்டர் மாதிரி கேட்டால், இடிக்கிறது ஒன்று உண்டு. விற்காத புத்தக ஸ்டாக்கும் உரிமைகளும் நல்ல விலை பெறும். அவற்றை மெதடிஸ்ட் மாநாட்டின் பொது நிதிக்கு எழுதி வைத்துவிட்டார், அதனால் அவருடையது இல்லை என்பது ஒரு வாதம். அந்த வருமானத்தின் மேல் ஒரு சுமையையும் வைத்துவிட்டுப் போனார். 1788ல் இறந்துபோன சார்லஸின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வருஷம் 85 பவுண்டு கொடுக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெண்ணின் அம்மா கேட்டு வாங்கின உத்தரவாதத்தின் மிச்சம் அது. சாரா 1822 வரை உயிரோடு இருந்தார்.